‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் மீன் கத்தியை வாங்கிவிடாதீர்கள்

தூண்டில் போடுகிறவர்களும், மீனுக்கும் வீட்டு வேலைக்கும் சேர்த்து ஒரே கத்தியாக வாங்கிவிடலாம் என்று போனில் தேடிக்கொண்டிருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு 1,850 ரூபாய் போனது, இடது கையில் நான்கு தையல் விழுந்தது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

நான் தூத்துக்குடி. ஞாயிறு என்றால் பெரும்பாலும் புன்னைக்காயல்தான், தாமிரபரணி கடலில் சேருகிற இடம். அங்கே கத்திக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. இரைக்குச் சாளையும் கணவாயும் துண்டு போடணும், தூண்டில் நரம்பு அறுக்கணும், கிடைத்த மீனை அங்கேயே குடல் எடுத்துக் கழுவணும். வீட்டுக்கு வந்தால் சாக்கு பிரிக்க, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க அதே கத்திதான். பத்து வருஷம் வைத்திருந்த கத்தி பாறை இடுக்கில் விழுந்து போனது, அதனால்தான் புதுசு தேட வேண்டி வந்தது.

பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில்தான் பார்த்தேன். ‘கையால் அடித்த டமாஸ்கஸ், 440சி, ஃபுல் டேங், கடல் தண்ணீரிலும் துருப்பிடிக்காது’ என்று போட்டு, 5,999 ரூபாயை அடித்துவிட்டு 1,850 என்று காட்டினார்கள். இப்போது யோசித்தால் அந்த வரியிலேயே கோளாறு இருந்தது. டமாஸ்கஸ் என்று விற்பது குறைந்தது இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. 440சி என்பது ஒற்றை எஃகின் பெயர். எது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே அலகுக்கு இரண்டு பெயரையும் சூட்டியிருக்கிறார்கள் என்றால் விற்கிறவருக்கே அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம், இல்லை தெரிந்தே பொய் சொல்லலாம்.

பெட்டியைப் பிரித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அலை அலையாகக் கோலம், மரப்பிடி, பிடியில் மூன்று பித்தளை ஆணி, தோல் உறை. முதல் இரண்டு வாரம் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் உறையிலிருந்து உருவினால் வாயோரம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. தோல் உறை உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அது ஒரு காரணம் என்று நினைத்து மணல் போட்டுத் தேய்த்தேன், தேய்த்த இடத்தில் கோலமும் சேர்ந்து போய்விட்டது. அடியில் வெறும் பளபளப்புத் தகடு. அப்போதுதான் கத்தியின் முதுகை, அதாவது வாய்க்கு எதிர் விளிம்பை, திருப்பிப் பார்த்தேன். உண்மையான அடுக்கு எஃகு என்றால் அந்த வரிகள் முதுகிலும் ஏறி இறங்கித் தெரிய வேண்டும், ஏனென்றால் அவை உள்ளே இருக்கிற அடுக்குகள். இதன் முதுகு துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. இரண்டு பக்கமும் மேலாகப் பொறித்த படம், அவ்வளவுதான். திருப்பி அனுப்ப ஏழு நாள் கெடு, அது எப்போதோ முடிந்திருந்தது. சரி, வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

அடுத்த மாதம் இரண்டரை கிலோ பாறை மீன் ஒன்று கிடைத்தது. தலையை எடுக்கச் செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி எலும்பில் சற்றே திருப்பினேன். பிடி என் கையில் திரும்பியது, அலகு திரும்பவில்லை. ‘டக்’கென்று ஒரு சத்தம், அப்புறம் பிடி தனியாக வந்துவிட்டது, வழுக்கிய அலகு மீனைப் பிடித்திருந்த இடது கையின் பெருவிரலடியில் இறங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு கூட வந்தவர் பைக்கில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தையல் பிரித்த பிறகு, பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் ஆசாரி அண்ணனிடம் அதைக் கொண்டுபோனேன். அலகில் அரத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார், தூள் கொட்டியது. “நல்லா துவைச்சல் ஏறுன இரும்புன்னா அரம் வழுக்கணும் தம்பி, இது பச்சை இரும்பு” என்றார். காய்ச்சி முக்கிக் கடினப்படுத்துவதைத்தான் துவைச்சல் என்கிறார். பிடியை நடுவில் அறுத்துக் காட்டினார். ஃபுல் டேங் என்றால் அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். இதில் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒன்றரை அங்குலக் காம்பைப் பசையில் நட்டு வைத்திருந்தார்கள். அந்த மூன்று பித்தளை ஆணியும் எதையும் பிடித்திருக்கவில்லை. தலையை மட்டும் மரத்தில் ஒட்டியிருந்தார்கள். “இதுக்கா ரெண்டாயிரம் குடுத்திய?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பணத்தைவிட அந்த ஆணிகள்தான் இன்னும் மனதை அறுக்கிறது. பிடி கழன்றால் கை போகும் என்று தெரிந்த ஒருத்தர்தானே உட்கார்ந்து அதை ஒட்டியிருக்கிறார்.

விற்றவரிடம் கேட்டால் ‘பயன்படுத்திய பொருள், கெடு முடிந்தது’ என்று ஒரே பதில். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஷாப்பிங் தளம் தன்னிடம் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

நீங்கள் வாங்குவதானால் முதுகையும் பிடியின் ஓரத்தையும் தெளிவாகக் காட்டும் படம் இருக்கிறதா பாருங்கள். ஃபுல் டேங் என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே இரும்புக் கோடு சுற்றிவரத் தெரியும். பொருள் வந்த அன்றே ‘சூப்பர்’ என்று எழுதுகிறவர்களை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துப் படத்தோடு எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், அதை நம்பாதீர்கள். கத்திக்கென்று கடினப்படுத்துகிற ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். மீனுக்கு நாலு அங்குல அலகு, இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் கனம் தாராளம்.

கோலமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றால் நல்லது உண்டு. ஸ்வீடனின் மோரா கம்பேனியன் கத்தியில் ஸ்டெயின்லெஸ் வகையை எடுங்கள், கார்பன் வகை உப்புக்காற்றுக்கு ஆகாது. அதில் காம்பு முழு நீளம் இல்லைதான், ஆனால் பிடியை அலகோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள், உறையும் பிளாஸ்டிக். வெறும் இரை வெட்டவும் சின்ன மீனுக்கும் விக்டோரினாக்ஸின் சின்னக் காய்கறிக் கத்தி சில நூறு ரூபாய்க்கே போதும்.

நான் இப்போது வைத்திருப்பது ஆசாரி அண்ணன் லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்துக் கொடுத்தது, 350 ரூபாய். துருப்பிடிக்கும் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாக இருக்கிறது. அந்த ‘டமாஸ்கஸ்’ கத்தியின் அலகு, அறுத்த பிடி, பெட்டி, பில், விளம்பரத்தைப் போனில் எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே கத்தியை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பெட்டியையும்.