வெல்ஷ் பெயர்ப் புத்தகம்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கணவர், வேல்ஸில் நாங்கள் இருக்கும் அபெரிஸ்ட்வித் கடைத்தெருவில் இந்தப் புத்தகத்தை வாங்கி வந்தார். மஞ்சள் அட்டை, கைப்பையில் அடங்கும் அளவு, விலை 6 பவுண்டு 99 பென்ஸ். முன்பாதியில் பெண் பெயர்கள், பின்பாதியில் ஆண் பெயர்கள். புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் திட்டப் போகிறேன், எழுதியவர் பாவம்.

வீட்டில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: பையன் பிறந்தால் தமிழ்ப் பெயர், பெண் பிறந்தால் வெல்ஷ் பெயர். ஸ்கேனில் பெண் என்று சொல்லிவிட்டார்கள் (இங்கே சொல்வார்கள்). கணவரும் மாமியாரும் வீட்டில் வெல்ஷ் பேசுகிறவர்கள், அதனால் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. நான் வைத்தது ஒரே நிபந்தனை. தூத்துக்குடியில் இருக்கும் என் அம்மா வாயில் பெயர் நுழைய வேண்டும்.

புத்தகம் சறுக்குவது அங்கேதான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உச்சரிப்பை ஆங்கிலக்காரர் படிப்பதுபோல் எழுத்துக்கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அதில் பாதி தப்பு என்று மாமியார் சிரிக்கிறார். வெல்ஷ் அப்படி ஒன்றும் கண்ணாமூச்சி ஆடுகிற மொழி இல்லை. 29 எழுத்து தெரிந்தால் பெரும்பாலும் எழுதியபடியே படித்துவிடலாம். ஒற்றை எஃப் வந்தால் 'வ', இரண்டு எஃப் வந்தால்தான் 'ஃப'. இரண்டு டி (d) வந்தால் நாம் 'அது' என்னும்போது வருகிற மெல்லிய 'த'. டபிள்யூ பல இடங்களில் 'உ'. அழுத்தம் அநேகமாகக் கடைசிக்கு முந்தின அசையில். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இரட்டை எல் மட்டும் தனிக் கதை. க்வென்ல்லியன் என்று தமிழில் எழுதுகிறேன், ஆனால் ஒலி அதில் இல்லை. 'ல' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். மாமியார் ஒரு மாலை முழுக்க எனக்குப் பழக்கினார். பதிலுக்கு நான் அவரை வாழைப்பழம் சொல்ல வைத்தேன். அன்றைக்கு ஆட்டம் சமன்.

சரி, அம்மாவிடம் வருவோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பட்டியலை வாசித்தேன். மேரிக்கு வெல்ஷில் ஒரு வடிவம் இருக்கிறது, அதை இவர்கள் சொல்லும்போது அச்சு அசலாக 'மயிர்'. அம்மா, "ஏட்டி, பிள்ளைக்கு வைக்கிற பேரா இது?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அடுத்த வாரம் லவ்ரி. "லாரியா?" அதற்கடுத்து கடி, காத்ரினின் செல்லப் பெயர். அதற்கு நானே சிரித்துவிட்டேன். செரென் அவருக்குப் பிடித்தது. நட்சத்திரம் என்று பொருள், நாக்கிலும் உருளுகிறது. ஆனால் எங்கள் தெருவிலேயே இரண்டு செரென் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது குறை, பொருள் சொல்லும் விதம். ரியானன் என்றால் 'பேரரசி' என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது. மபினொகி என்ற பழைய வெல்ஷ் கதைத் தொகுப்பில் அந்தப் பெண் பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று பழி சுமந்து, ஏழு வருடம் கோட்டை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை முதுகில் சுமக்கச் சம்மதிக்க வேண்டும் என்று தண்டிக்கப்பட்டவள். பிள்ளை கடைசியில் உயிரோடு வந்துவிடுகிறான், ஆனாலும் வயிற்றில் பிள்ளையோடு படிக்கிறவளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? கண்ணகி என்று பெயர் வைக்கிறவர்கள் கதை தெரிந்துதானே வைக்கிறார்கள். மெகனுக்கு 'வலிமை' என்று போட்டிருப்பது சுத்தத் தவறு. அது மார்கரெட்டின் செல்ல வடிவம், பொருள் முத்து.

நல்லதையும் சொல்ல வேண்டும். வென் என்று முடிந்தால் பெண், வின் என்று முடிந்தால் ஆண் என்பதை அழகாக விளக்குகிறது. வெளியூர்க்காரர்கள் ப்ரான்வின் என்று பெண்ணுக்கு வைக்கும்போது இங்கே ஏன் புருவம் உயர்கிறது என்று அதைப் படித்தபின் புரிந்தது. பின்னால் மூன்று பக்கம், பழைய வழக்கப்படி 'வெர்க்' போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பது பற்றி. இன்னாரின் மகள் என்று அர்த்தம். இனிஷியல் வைத்துக்கொண்டு இங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும் எது குடும்பப் பெயர் என்று விளக்கிக் களைத்தவள் நான். அந்த மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் பெயர் கிடைத்ததும் இந்தப் புத்தகத்தில்தான். ஒரே வரி: 'மெரெரிட், முத்து'. என் ஆச்சி பெயர் முத்தம்மாள். ஊரோ தூத்துக்குடி. நான் வாய்விட்டுப் படித்ததும் மாமியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கார்டிகன் விரிகுடாவில் மூழ்கிப்போன நாடு ஒன்றின் கதையில் வருகிற பெண்ணாம். குடித்துவிட்டுத் தூங்கிய காவல்காரன் மதகைத் திறந்தபடியே விட்டதால் கடல் புகுந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் கார்மார்தன் கறுப்புப் புத்தகத்தில் இருக்கும் பழைய பாட்டு கிணற்றைக் காத்த மெரெரிட்டின் தலையில்தான் பழியைப் போடுகிறது. அந்தக் கையெழுத்துச் சுவடி எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. அடுத்த நாளே போர்த் கடற்கரைக்குப் போனோம். நீர் வற்றும் நேரத்தில் மணலில் கருகருவென்று மரக்கட்டைகள், 4,000 வருடத்துக்கு மேல் பழையவை. குமரிக்கோட்டைக் கடல் கொண்ட கதை கேட்டு வளர்ந்த எனக்கு வேறு சமாதானம் தேவைப்படவில்லை. பழி விழுந்த பெயராயிற்றே என்று மாமியார்தான் தயங்கினார். பிறகு, 2001-இல் தேசிய அய்ஸ்தெத்வொட் என்ற வெல்ஷ் கலை இலக்கிய விழாவில் கவிதைக்கான நாற்காலியை வென்ற முதல் பெண்ணும் ஒரு மெரெரிட்தான் என்று அவருக்கே நினைவு வந்தது. அதோடு சரி.

இங்கே பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். நாங்கள் 38-ஆம் நாள் போனோம். அம்மா இரண்டு வாரம் மேரி என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இப்போது முத்து என்கிறார்.

வாங்கலாமா? வெல்ஷ் பேசுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் 6 பவுண்டு 99 பென்ஸ் அதிகம். என் பிரதி இப்போது எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஒரு கேரளப் பெண்ணிடம் இருக்கிறது, அவளுக்கு மார்ச்சில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். சரியான உச்சரிப்பையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் எழுதிவிட்டேன் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.