புள்ளி விழாத பேனா: ஒரு டேப்லெட்டும் தமிழ் வகுப்பும்

பெங்களூரு அல்சூர் பக்கத்திலிருந்து வார இறுதியில் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கும் நண்பர் கேட்கிறார்: "பேனா டேப்லெட் விலை இறங்கியிருக்கே, ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?" அவர் பார்த்து வைத்திருப்பது திரை இல்லாத நடுத்தர அளவு டேப்லெட். கேபிளில் லேப்டாப்போடு சேரும், பலகையில் எழுதுவது லேப்டாப் திரையில் விழும், பேனாவுக்கு பேட்டரி கிடையாது. 8,192 அழுத்த நிலைகள், 10 இஞ்சுக்கு 6.25 இஞ்ச் பரப்பு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதே வகையை நெடுநாளாகப் புழங்குகிற நான் சொல்ல வேண்டியது புள்ளியைப் பற்றி.

"ஞ" அழகாக வரும். "ணௌ" கூட வரும். "க்" எழுதிப் பாருங்கள், "க" மட்டும் நிற்கும். பேனா பலகையைத் தொட்டது கையில் தெரிகிறது, காதில் கேட்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. இந்தச் சாதனங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் படம் வரைகிறவர்கள். நீளமாகக் கோடு இழுக்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. ஆங்கிலம் எழுதினாலும் 'i' மேல் புள்ளி விழாவிட்டால் படித்துவிடலாம். நமக்கு அப்படியில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட்டில் போனைப் பார்த்து எழுதும் பிள்ளை "அமமா" என்றுதான் நோட்டில் எழுதும். தப்பு பிள்ளை மேல் இல்லை.

காரணம் ஒன்றல்ல, அதுதான் எரிச்சல். விண்டோஸில் தொடங்குங்கள். கன்ட்ரோல் பேனலில் "பென் அண்ட் டச்" என்ற இடத்தில் பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதி ஒன்று, கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். பேனா தொட்டதும் இது கோடா, கிளிக்கா என்று அது ஒரு கணம் யோசிக்கிறது. வேகமாக எழுதினால் பாதகமில்லை. ஆனால் "இங்க ஆரம்பிக்கணும், பாருங்க" என்று பேனாவை வைத்து ஒரு நொடி நிறுத்துவதுதானே எழுத்துப் பாடம்! நிறுத்தினால் வட்டம் ஒன்று சுற்றும், எடுத்தால் மெனு திறக்கும், வகுப்பே சிரிக்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சில டேப்லெட்களின் டிரைவரில், அதாவது அதை இயக்கும் மென்பொருளில், "விண்டோஸ் இங்க்" என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தாலும் தொல்லை தீரும், ஆனால் சில மென்பொருள்களில் அழுத்தத்துக்கேற்ற கோட்டுத் தடிமன் போய்விடும். ஆகவே முதலாவதே மேல்.

அடுத்தது டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. சில டிரைவர்களில் டபுள் கிளிக்குக்கு உதவுவதற்காக, முதல் தொடுதலைச் சுற்றிச் சின்ன எல்லைக்குள் நடக்கும் அசைவையெல்லாம் விழுங்கிவிடுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. புள்ளி முழுக்க அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. "ற"வின் ஆரம்பம் வெட்டுப்பட்டு வருவதும் இதனால்தான். டபுள் கிளிக் தூரத்தைப் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் 'ஆஃப்' செய்யுங்கள்.

மூன்றாவது, அழுத்தச் சரிவு: எவ்வளவு அழுத்தினால் கோடு விழும் என்று சொல்லும் அமைப்பு. ஒரு சொல்லில் கை மிகக் குறைவாக அழுத்துகிற இடம் புள்ளி, ஏனென்றால் கை ஏற்கெனவே மேலே கிளம்பிவிட்டிருக்கும். டிரைவரில் அழுத்தச் சரிவை மென்மைப் பக்கம் இரண்டு படி தள்ளி, அங்கேயே இருக்கும் சோதனைப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். ரொம்பத் தள்ளினால் பேனா தொடாமலே கோடு விழும். எழுத்துக்கு எழுத்து வால் முளைத்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விழவில்லையென்றால் பழி வெள்ளைப்பலகை மென்பொருள் மீது. நகராத தொடுதலைக் கோடாகவே எடுத்துக்கொள்ளாத மென்பொருள்கள் உண்டு. இதற்கு அமைப்பில் மருந்து இருந்தால் நல்லது, இல்லையென்றால் கையில்தான் மருந்து: புள்ளியைத் தட்டாமல் சின்னதாகச் சுழித்து வையுங்கள். பழைய வாத்தியார்கள் கரும்பலகையில் அப்படித்தான் வைத்தார்கள், கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டுமே. ஜூமில் திரையைப் பகிரும்போது வீடியோவுக்கான ஆப்டிமைஸ் டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது அசைவுக்காகத் தெளிவைப் பலி கொடுக்கும், மெல்லிய கோட்டில் வைத்த புள்ளி போன் திரையில் கரைந்துவிடும்.

இரண்டாவது குறை கணக்குக் குறை. பலகை 16:10, பல லேப்டாப் திரைகள் 16:9 (1920 × 1080 பிக்சல்). முழுப் பரப்பையும் முழுத் திரைக்குக் கொடுத்தால் அகலத்தில் இஞ்சுக்கு 192 பிக்சல், உயரத்தில் இஞ்சுக்கு சுமார் 173. நீங்கள் போட்ட வட்டம் 11 சதவீதம் அகன்று விழுகிறது. "ண"வின் சுழிகள் அமுக்கிய பூரி மாதிரி இருப்பதற்கு உங்கள் கையெழுத்து காரணமில்லை. டிரைவரில் விகிதத்தைக் காக்கும் டிக்கைப் போட்டால் பலகையின் அடியில் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக வீணாகும். போகட்டும். இரண்டாவது மானிட்டர் சேர்த்தவர்கள் பலகையை ஒரே திரைக்குக் கட்டிப்போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வட்டத்தின் அகலம் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். விண்டோஸோ டிரைவரோ அப்டேட் ஆனதும் இதையெல்லாம் ஒருமுறை சரிபாருங்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் "க், ங், ச்" எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

இத்தனை திட்டுகிறவன் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? காகிதத்துக்காக. இந்த வகைப் பேனா பலகையிலிருந்து கிளம்பும் மின்காந்த அலையில் வேலை செய்கிறது, தொடுதல் அதற்கு அவசியமே இல்லை. அதனால் இரட்டைக்கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பலகை மேல் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினால் பேனா தாளுக்கு மேலிருந்தே எழுதும். கண் திரையில் இருந்தாலும் கீழே கோடு இருக்கிறது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் வழுக்கிப் போன சுழிகள் தாளின் சொரசொரப்பில் அடங்கிவிடுகின்றன. ஆச்சரியம், புள்ளியும் முன்னைவிட நன்றாக விழுகிறது. வழுக்காத இடத்தில் கை தைரியமாக அழுத்துகிறது போல.

ஆனால் தாள் நிப்பைத் தின்னும். முனை ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, விளிம்பு விரல் நகத்தில் உரசினால் கீறுகிற நிலைக்கு வந்தால் மாற்றுங்கள். அதற்கு மேலும் இழுத்தால் பலகையில் கோடு விழும். கூட வரும் சின்ன வளையத்தில் நிப்பைக் கவ்வி நேராக இழுக்க வேண்டும், சாய்த்தால் உள்ளே முறியும். புது நிப்பை அடி முட்டும் வரை தள்ளுங்கள். அரைகுறையாக நின்றால் அழுத்தம் சரியாகப் போய்ச் சேராது. அப்புறம் என்ன, புள்ளி மறுபடி காணாமல் போகும்.

டேப்லெட்டில் கேபிள் செருகும் சாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. என்னுடையது போன வாரம்தான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மாற்றப்பட்டது. மைக்ரோ யூ.எஸ்.பி சாக்கெட்டில் கேபிள் ஆட ஆட, டேட்டா கால்களின் பற்று விட்டுப்போகிறது. விளக்கு எரியும், கர்சர் நகராது. உடனே டிரைவரைப் பத்து முறை நீக்கிப் போடாதீர்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், கேபிளை லேசாக அசைத்தால் உயிர் வந்து போகிறதா என்று பாருங்கள். வந்தால் சாக்கெட்தான். ரிப்பேர் கடையில் சாக்கெட்டின் உலோகக் கூட்டுக் காதுகளையும் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இழுவையைத் தாங்குவது அவைதான், அவசரக் கைகள் விட்டுவிடுகிற இடமும் அதுதான். டைப் சி ஆக மாற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வைத்தால்தான் இரு முனையும் டைப் சி ஆன கேபிளில் மின்சாரம் வரும். வேண்டாத வேலை. எல் வடிவக் கேபிள் ஒன்று வாங்கி, அதை மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள்.

சரி, தீர்ப்பு. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்லது இல்லை. பிள்ளைகள் ஸ்கேன் செய்து அனுப்பும் கட்டுரையில் சிவப்பில் திருத்த, வெள்ளைப்பலகையில் எழுதியதைச் சேமித்து அனுப்ப, எல்லாவற்றுக்கும் இது போதும். இன்று கெட்டுப்போனால் நாளைக்கே இன்னொன்று வாங்குவேன். அந்த நண்பருக்கு மட்டும்: வாங்காதீர்கள். அவர் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் எழுதிவிட்டு இப்போதுதான் அ, ஆ தொடங்குகிறவர்கள். அவர்கள் பென்சிலை மூன்று விரலில் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். டேப்லெட்டில் கோடு மட்டும் தானாக ஊர்கிறது, கை தெரியவே தெரியாது. ஸ்டாண்டில் போனை முக்கால் முழ உயரத்தில் கவிழ்த்து, பின்பக்கக் கேமராவோடு வகுப்பில் இரண்டாவது ஆளாகச் சேர்த்து, அதன் ஆடியோவை அறவே துண்டித்துவிட்டால் போதும். கவிழ்ப்பதற்கு முன்பே திரைச் சுழற்சியைப் பூட்டுங்கள், இல்லையென்றால் நோட்டு தலைகீழாகத் தெரியும். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும், வலது கைக்காரர் கையின் நிழல் எழுத்து மேல் விழாது.

அப்படியும் விலையைப் பார்த்து மனசு கேட்காவிட்டால் டைப் சி சாக்கெட் உள்ள மாடலாகப் பாருங்கள். நிப் பாக்கெட் ஒன்றையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். மாடல் நின்றுபோனால் அப்புறம் பொருத்தமான நிப்புக்கு அலைய வேண்டியிருக்கும்.