வேற்றுக்கோள் உயிர்களுக்கு ஒரு எக்செல் தாள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வேற்றுக்கோள் உயிரைக் கற்பனை செய்யச் சொன்னால் பெரும்பாலோர் கண் எத்தனை, கால் எத்தனை என்றுதான் தொடங்குகிறார்கள். வரைந்து முடித்த பிறகு அதற்கேற்ற கோளைத் தேடுவார்கள், கிடைக்காது. கோள் கணக்குத் தாள் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதல் கட்டத்தில் விண்மீனின் நிறை, கடைசிக் கட்டத்தில் உயிரினம். அறிவியல் புனைகதை எழுதுபவர்களும் கணினி விளையாட்டு உருவாக்குபவர்களும் வானியல் பாடம் நடத்துபவர்களும் ஆளுக்கொரு வடிவில் இதை வைத்திருக்கிறார்கள். எக்செல்லோ லிப்ரே ஆபீஸ் கால்க்கோ போதும், மேக்ரோ (தாளுக்குள் எழுதும் சிறு நிரல்) எதுவும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் புழங்கிய பிறகு எந்தக் கட்டம் தாக்குப்பிடிக்கிறது, எது காலை வாருகிறது என்பதைப் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். "இது நடக்காது" என்று சொல்வதில் இந்தத் தாள் கெட்டிக்காரத்தனமானது. "இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வைத்தால் உளறும்.

அலகும் விண்மீனும்

கிலோகிராம், மீட்டர் என்று தொடங்கினால் மூன்றாவது கட்டத்திலேயே சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். விண்மீனுக்குச் சூரியன் = 1, கோளுக்குப் பூமி = 1, தொலைவுக்குப் பூமி–சூரியத் தொலைவு = 1 என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் பிறக்கவே பிறக்காது.

விண்மீனின் ஒளிர்வை அதன் நிறையின் 3.5-ஆம் அடுக்கு என்று போடுவது பரவலாகப் புழங்கும் சூத்திரம். சூரியனை ஒத்த விண்மீன்களுக்குப் பரவாயில்லை. சிவப்புக் குறுமீன்கள் எனும் சிறிய, மங்கலான விண்மீன்களில் கவிழ்த்துவிடும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் நிறை சுமார் 0.12. இந்தச் சூத்திரத்தில் ஒளிர்வு 0.0006 என்று வரும். உண்மையில் கிட்டத்தட்ட 0.0016. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கோளை நிறுத்தினால் அது விண்மீனுக்கு மிக அருகே போய்க் கருகிவிடும். நிறை 0.43-க்குக் கீழே போனால் நிறையின் 2.3-ஆம் அடுக்கை எடுத்து 0.23-ஆல் பெருக்க வேண்டும். 0.43 முதல் 2 வரை நான்காம் அடுக்கு. ஓர் 'இஃப்' கட்டளை போதும். இதைச் சேர்க்காத தாள்களே இன்றும் அதிகம் சுற்றுகின்றன.

மாதிரிக்கு 0.7 நிறையுள்ள ஆரஞ்சு விண்மீன் ஒன்றை எடுப்போம். ஒளிர்வு 0.24. பூமிக்குக் கிடைக்கும் அதே அளவு ஒளி கிடைக்க, கோள் ஒளிர்வின் வர்க்கமூலத் தொலைவில், அதாவது 0.49-இல் நிற்க வேண்டும். தொலைவின் கனத்தை விண்மீன் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஆண்டின் நீளம் 0.41, நம் கணக்கில் 150 நாள். ஆக, இந்தக் கோளின் பருவங்கள் ஒவ்வொன்றும் ஐந்து வாரத்துக்குச் சற்று மேல். இலையுதிர்ப்பு, வலசை, நெடுந்துயில் எல்லாவற்றையும் இந்தக் குறுகிய சுற்றுக்குள் அடைக்க வேண்டும். எண் ஒன்று உயிரின் வாழ்க்கையாக மாறும் முதல் இடம் இதுதான்.

அடுத்த கட்டம் ஆயுள்: 1,000 கோடி ஆண்டை நிறையின் 2.5-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். 0.7-க்கு 2,400 கோடி ஆண்டு. 1.5 நிறையுள்ள விண்மீனுக்கு 363 கோடிதான். பூமிக்கு வயது 454 கோடி. விலங்குகள் தலைகாட்டியது கடைசி 60 கோடி ஆண்டுகளுக்குள். நம் வேகத்திலேயே உயிர் வளர்ந்தாலும் அந்தப் பெரிய விண்மீனின் கோளில் முதல் விலங்கு வருமுன் விளக்கு அணைந்துவிடும். பிரகாசமான பெரிய விண்மீனைச் சுற்றி நாகரிகங்களை வைக்கும் கதைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

வெப்பநிலைக் கட்டம்: நம்பாதீர்கள்

278.5-ஐ ஒளிர்வின் நான்காம் மூலத்தால் பெருக்கி, தொலைவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கோள் திருப்பி அனுப்பும் ஒளியை 1-இலிருந்து கழித்து, அதன் நான்காம் மூலத்தாலும் பெருக்கினால் விடை கெல்வினில் வரும். பூமிக்கு 255, அதாவது −18 டிகிரி செல்சியஸ். உண்மைச் சராசரி 15. இடையிலுள்ள 33 டிகிரி பசுமை இல்ல விளைவின் கொடை.

வெள்ளிக்கு இதே கணக்கைப் போட்டால் −44 டிகிரி என்று வந்து நிற்கும். வெள்ளியின் தரையில் உண்மையில் 464 டிகிரி, பூமியைப்போல் சுமார் 92 மடங்கு காற்றழுத்தம். பிழை 500 டிகிரிக்கு மேல்! தவறு சூத்திரத்துடையதல்ல; காற்றைப் பற்றி அதனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் இந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'காற்றால் கூடுவது' என்று கையால் நிரப்பும் கட்டம் ஒன்று கட்டாயம். அதில் என்ன போடுகிறீர்களோ அதற்குக் காரணமும் எழுத வேண்டும்: எந்த வாயு, எவ்வளவு அழுத்தம், எரிமலை உண்டா, கடல் உண்டா.

இன்னொரு சிக்கல், கோள் முழுவதற்கும் ஒரே எண் வருவது. அதிலிருந்துதான் 'பாலைவனக் கோள்', 'பனிக் கோள்' என்ற சோம்பேறித்தனம் பிறக்கிறது. நடுக்கோடு, இடைப்பகுதி, துருவம் என்று மூன்று வரிசை வைத்தாலே பெரும் மாற்றம் தெரியும். டிராப்பிஸ்ட்-1 போன்ற குறுமீனைச் சுற்றும் கோள்கள் (டிராப்பிஸ்ட்-1-ஐச் சுற்றுபவை ஏழு என்று 2017-இல் உறுதியானது) ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றவே வாய்ப்பு அதிகம். அவற்றுக்குப் பகல் பக்கம், இரவுப் பக்கம், இடைப்பட்ட அந்தி வளையம் என்று வரிசைகளை மாற்ற வேண்டும். அங்கே சூரியன் நகராது. செடி இலையைத் திருப்ப வேண்டியதில்லை. நிழல் விழுந்த இடம் நிரந்தர நிழல்.

காற்று தங்குமா

கோளின் விடுபடு வேகம் (அதன் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம்) ஒரு வாயு மூலக்கூறின் சராசரி வேகத்தைப்போல் ஆறு மடங்காவது இருந்தால் அந்த வாயு நெடுங்காலம் தங்கும் என்பது கைக்கணக்கு. இதில் எல்லோரும் செய்யும் தவறு தரை வெப்பநிலையைக் கொடுப்பது. 15 டிகிரியில் ஹீலியத்தின் வேகம் நொடிக்கு 1.34 கிலோமீட்டர், ஆறு மடங்கு 8. பூமியின் விடுபடு வேகம் 11.2. எனவே ஹீலியம் தங்கும் என்று தாள் பச்சை நிறம் காட்டும். ஆனால் பாறைகளிலிருந்து ஓயாமல் கசிந்துகொண்டிருந்தும் நம் காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் 5 பங்குதான். காரணம், வாயு தப்பிப்பது தரையிலிருந்து அல்ல, வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து. அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 1,000 கெல்வின். அந்த எண்ணைக் கொடுத்தால் ஹீலியத்துக்கு 15 என்று வந்து, தப்பித்துவிடும் என்ற சரியான விடை கிடைக்கும். அணு ஆக்சிஜனுக்கு 7.5, அது தங்கும்.

இத்தனைக்குப் பிறகும் விண்மீன் காற்றும் (விண்மீனிலிருந்து வீசும் துகள் ஓட்டம்) காந்தப்புலமும் இந்தக் கணக்கில் இல்லை. செவ்வாயை இந்தக் கட்டத்தில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு தங்கும் என்றே சொல்லும். தங்கியது பூமியின் அழுத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

ஈர்ப்பும் உடலும்

தாளுக்குக் கொடுத்த உழைப்பெல்லாம் திரும்பி வருவது இங்கே. பூமியைப்போல் 2 மடங்கு நிறையுள்ள பாறைக் கோள் என்று வைப்போம். ஆரம் நிறையின் 0.27-ஆம் அடுக்கு: 1.21. ஈர்ப்பு, நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1.37. இரண்டு மடங்கு நிறைக்கு இரண்டு மடங்கு ஈர்ப்பு என்று நினைத்திருந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள்.

கனமான கோள் என்றாலே எல்லா விலங்கையும் குட்டையாக, யானைக்கால்களோடு வரைவது மரபாகிவிட்டது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எலும்பு தாங்குவது குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடை 1.37 மடங்கானால் எலும்பின் விட்டம் அதன் வர்க்கமூல அளவு, அதாவது 1.17 மடங்கு தடித்தால் போதும். மானின் கால் சற்றுத் தடித்த மானின் காலாகவே இருக்கும். உயிரின் அளவுதான் கொடுமைக்காரன்: நீளம் 2 மடங்கானால் எடை 8 மடங்கு, குறுக்குவெட்டு 4 மடங்குதான். பெரிய விலங்கின் எலும்பு உருவத்தோடு ஒப்பிட்டால் ஏன் கூடுதலாகத் தடிக்க வேண்டும் என்பதை 1638-இலேயே கலிலியோ படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆக, ஈர்ப்புக் கட்டத்தைவிட 'உடல் நீளம்' கட்டத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடலில் இதுவும் இல்லை. மிதப்பு எடையைத் தூக்கிக்கொள்ளும். 2 மடங்கு ஈர்ப்பிலும் மீன் மீன் போலவே இருக்கலாம்.

பறத்தலுக்குத் தனிக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் நிற்கத் தேவைப்படும் ஆற்றல், ஈர்ப்பின் 1.5-ஆம் அடுக்கைக் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். சனியின் நிலவு டைட்டனில் ஈர்ப்பு 0.14, தரையருகே காற்று நம்முடையதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. விடை சுமார் 0.025: பூமியில் தேவைப்படுவதில் நாற்பதில் ஒரு பங்கு. நாசா அங்கே சக்கர வண்டிக்குப் பதில் டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலத்தை அனுப்பத் திட்டமிட்டதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம். ஆனால் டைட்டனில் −179 டிகிரி. பறப்பது எளிது, பறக்கும் சிறகுக்குள் வேதிவினை நடப்பதுதான் கடினம்.

ஆற்றல் கணக்கு

பலர் விட்டுவிடும் பகுதி. சூரியனிலிருந்து பூமிக்குக் கிடைப்பது சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட். பூமியின் உள்ளிருந்து வரும் வெப்பம் 0.09 வாட். ஏறத்தாழ 3,800 மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு உணவுப்படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கே மேலே போகும் என்பதையும் சேர்த்தால், உள்வெப்பத்தை மட்டும் நம்பும் கடலில் மூன்றாம் படி வேட்டை விலங்குக்கு மிஞ்சுவது பருக்கைதான்.

வியாழனின் நிலவான யுரோப்பாவின் பனிக்கு அடியில் இராட்சதப் புழுக்களை விடுபவர்கள் 1977-இல் கலாபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்ட குழாய்ப் புழுக்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வாயும் குடலும் இல்லாமல், உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊட்ட, இரண்டு மீட்டர் வரை வளர்பவை. அவர்கள் மறப்பது ஒன்று: அந்தப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை எரிக்கக் கடல்நீரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்த உயிர்கள் கொடுத்தது. இருட்டில் வாழும் புழுவும் வெயிலின் கடனாளி. யுரோப்பாவில் கதிர்வீச்சு மேற்பரப்புப் பனியைப் பிளந்து ஆக்சிஜன் உண்டாக்குகிறது. ஜூனோ விண்கல அளவீடுகளிலிருந்து 2024-இல் வந்த மதிப்பீடு, நிலவு முழுவதற்கும் நொடிக்கு 12 கிலோ அளவில். அதில் எவ்வளவு பனியைக் கடந்து கீழே போகும் என்பது வேறு.

ஆக்சிஜனே வேண்டாத வழியும் உண்டு. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் பூமியிலேயே இருக்கின்றன. சனியின் நிலவான என்செலடஸின் பீச்சலில் ஹைட்ரஜன் இருப்பதைக் காசினி விண்கலத் தரவுகள் 2017-இல் காட்டின. எனவே 'என்செலடஸ்' என்று போட்டால் தாள் தருவது நுண்ணுயிர்ப் படலம். சுறாவைக் கேட்டால் சிவப்பு நிறம் காட்டும்.

வேதியியல் கட்டத்தை நீளமாக்க வேண்டாம். சிலிக்கான் உயிருக்கு ஒரே கேள்வி: கழிவை எப்படி வெளியேற்றும்? கார்பன் எரிந்தால் வாயு, மூச்சில் விட்டுவிடலாம். சிலிக்கான் எரிந்தால் மணல். பூமியின் மேலோட்டில் நிறைக் கணக்கில் 28 விழுக்காடு சிலிக்கான், கார்பன் அதற்கு ஒட்டவே ஒட்டாத அளவு. இருந்தும் உயிர் கார்பனையே பிடித்துக்கொண்டது. அம்மோனியாக் கடலுக்கும் ஒரு கேள்வி: திட அம்மோனியா மிதக்காது, மூழ்கும். குளம் அடியிலிருந்து உறையும். அடியில் ஒளிந்து குளிர்காலத்தைக் கடத்த மீனுக்கு இடமிருக்காது.

பகடைக் கட்டம்

கால் எத்தனை? இதற்கு மட்டும் இயற்பியலில் விடை இல்லை. தரைக்கு ஏறிய மீன் பரம்பரைக்கு நான்கு துடுப்பு, ஆகவே நமக்கு நான்கு உறுப்பு. பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. எல்லாமே நன்றாக ஓடுகின்றன. இதற்கு இரண்டு எண்களுக்கு இடையே ஏதோ ஒன்றை உருட்டிப் போடும் 'ராண்ட்பிட்வீன்' கட்டளைதான் சரி. ஆனால் ஓர் எச்சரிக்கை: தாளில் எங்கே எதை மாற்றினாலும் அந்த எண் மீண்டும் உருளும். காலையில் ஆறு காலோடு இருந்த விலங்கு மாலையில் மூன்று காலோடு நிற்கும். பகடை விழுந்ததும் நகலெடுத்து, அதே இடத்தில் 'மதிப்பாக மட்டும்' ஒட்டிவிடுங்கள்.

பகடைக்குள் போடக்கூடாதவையும் உண்டு. நீரில் வேகமாக நீந்துவதற்கான கதிர் போன்ற உடல், மீன், டால்பின், மறைந்துபோன கடல் ஊர்வனமான இக்தியோசர் மூன்றிலும் தனித்தனியாக வந்தது. கேமரா போன்ற கண் நமக்கும் ஆக்டோபஸுக்கும் தனித்தனியாக. பூமியில் பல முறை வந்தவற்றை 'எதிர்பார்க்கலாம்' என்றும் ஒரு முறையே வந்தவற்றைப் 'பகடை' என்றும் பிரிப்பது நல்ல வழக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. நம்மிடம் இருப்பது ஒரே பானை என்பதை அந்த வரிசையின் தலைப்பிலேயே எழுதிவைப்பது நல்லது.

காலக் கட்டமும் இதே இடத்தில் வர வேண்டும். கோளின் வயதைத் தோராயமாக உருட்டி, பூமியின் காலவரிசையோடு ஒப்பிட்டால் பத்தில் எட்டு முறைக்கு மேல் கிடைப்பது வெறும் நுண்ணுயிர்க் காலம். பாசிப் படலமும் வழவழப்பும். பயனர்கள் சலிப்படைந்து தாளை மூடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கதைக்கு விலங்கு வேண்டுமென்றால் வயதைக் கையால் கூட்டிக்கொள்ளலாம், குற்றமில்லை. கூட்டியதைக் குறித்துவையுங்கள்.

'அறிவு' என்றொரு கட்டம் பல தாள்களில் இருக்கிறது. அதற்குள் போட எந்தச் சூத்திரமும் இல்லை. அதை எடுத்துவிட்டு 'நெருப்பு' என்று வைத்தால் பயன் அதிகம். ஆக்சிஜன் 16 விழுக்காட்டுக்குக் கீழே விறகு ஒழுங்காக எரியாது. கடலுக்கடியில் எரியவே எரியாது. நெருப்பு இல்லையென்றால் சுட்ட மண் இல்லை, உருக்கிய உலோகம் இல்லை. யுரோப்பாவின் அறிவாளிகளுக்கு வானொலி கொடுக்க நினைப்பவர்கள், முதல் செம்புக் கம்பியை எதில் உருக்கினார்கள் என்று இந்தக் கட்டத்தில் எழுதியாக வேண்டும்.