ஊடாடும் காணொளிப் பாடங்களுக்கு எச்5பி: ஒரு மதிப்பீடு

காணொளியின் குறிப்பிட்ட ஒரு நொடியில் கேள்வியையோ விளக்கத்தையோ படத்தையோ பதித்து, பார்ப்பவர் பதில் சொன்ன பிறகே பாடம் மேலே நகரும்படி அமைக்க விரும்பும் ஆசிரியருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எச்5பி என்னும் திறமூலக் கருவியைத்தான். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், அதே காணொளிக்கு ஆய்வு நோக்கில் குறிப்பு எழுதி, அந்தக் குறிப்புகளைப் பிறரும் தேடவும் எடுத்தாளவும் வேண்டும் என்று நினைப்பவருக்கு இது போதாது. இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுவேறானவை என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

காலத்தோடு கட்டப்பட்ட பல்லூடகம் புதிய சிந்தனையன்று. ஆம்ஸ்டர்டாமின் கணித, கணினியியல் ஆய்வு நிறுவனமான சிடபிள்யூஐயில் லிண்டா ஹார்ட்மன், டிக் பல்ட்டர்மன், கீடோ வான் ராசம் ஆகிய மூவரும் பல ஊடகங்களை நேரத்தோடும் இணைப்புகளோடும் கோக்கும் ஆம்ஸ்டர்டாம் மீயூடக மாதிரியை 1994இல் வெளியிட்டனர். இவர்களில் வான் ராசம், பைத்தான் என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர். எந்த ஊடகம் எதோடு இணையாக ஓட வேண்டும், எதற்குப் பின் எது வர வேண்டும், இணைப்பைச் சொடுக்கினால் ஓடிக்கொண்டிருப்பவற்றில் எது நிற்க வேண்டும் என்ற கேள்விகளை அந்த மாதிரி ஒழுங்காக முன்வைத்தது. அந்த வழியில் வந்த, ஊடகங்களின் ஓட்டத்தை நேரப்படி எழுதிக் காட்டும் ஸ்மில் மொழியை, இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 ஜூனில் பரிந்துரையாக அறிவித்தது. உலாவிகள் அதை முழுமையாக ஏற்கவில்லை. அசைபடங்களையும் காணொளிகளையும் உலாவியில் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 31இல் அதற்கான ஆதரவும் முடிந்தது. இன்று இபப் 3 மின்னூல்களில் ஒலியும் எழுத்தும் ஒத்து நகர்வது ஸ்மிலின் துணையால்தான்.

நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் ஜூபெல் நிறுவனம் உருவாக்கிய எச்5பி, 2013இல் வெளிவந்தது. எச்டிஎம்எல்5 பொதி (எச்டிஎம்எல்5 என்பது வலைப்பக்கங்களை எழுதும் மொழி) என்பதன் சுருக்கமே அதன் பெயர். ஐம்பதுக்கும் மேற்பட்ட உள்ளடக்க வகைகள் அதில் உண்டு. அவற்றுள் ஊடாடும் காணொளி என்ற வகையே இங்கு நம் பொருள்.

பாடத்தை உருவாக்கும் பக்கமான தொகுப்பான் மூன்று படிகளாக அமைந்திருக்கிறது. முதலில் எம்பி4 கோப்பை ஏற்றவோ யூடியூப் முகவரியை ஒட்டவோ வேண்டும். அடுத்து ஊடாட்டங்களைச் சேர்க்க வேண்டும். கடைசியில் விரும்பினால், பாடத்தின் சாரத்தைத் தொகுத்துக் கேட்கும் பயிற்சி ஒன்றை வைக்கலாம். இரண்டாம் படியில்தான் கருவியின் அருமை தெரிகிறது. பலதேர்வு, சரியா தவறா, கோடிட்ட இடம், இழுத்துப் பொருத்துதல் ஆகியவற்றில் எதை எடுத்தாலும், அது திரையில் தோன்றி மறையும் நேரத்தையும், காணொளி அங்கே நிற்க வேண்டுமா என்பதையும் நாமே குறிக்கலாம். தவறாக விடையளித்தவரை விளக்கம் சொல்லப்பட்ட நொடிக்கே திருப்பி அனுப்பும் வசதியும் இருக்கிறது. பாடம் நடத்துபவர் மனத்தை அறிந்து செய்த ஏற்பாடு இது. விடை தெரியாத மாணவருக்குத் தேவைப்படுவது மதிப்பெண்ணைவிட மீண்டும் ஒருமுறை கேட்கும் வாய்ப்புதான்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடிட்ட இடம் அமைக்க, விடையை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுதினால் போதும். சாய்கோடிட்டு மாற்று விடையும், முக்காற்புள்ளி இட்டுத் துப்பும் தரலாம். சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கும் அமைப்பு ஒன்றும் அங்கே இருக்கிறது. மூன்று முதல் ஒன்பது குறிகள் கொண்ட விடையில் ஒரு பிழையையும், அதைவிட நீண்ட விடையில் இரண்டு பிழைகளையும் அது பொறுத்துக்கொள்ளும். இதைத் தமிழ்ப் பாடத்தில் இயக்கிவிடக் கூடாது. ‘வாழைப்பழம்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்துக் குறி. ஆகவே ‘வாளைப்பளம்’ என்று எழுதிய மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். எந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கப் பாடம் எழுந்ததோ, அதுவே காற்றில் போய்விடும். நல்ல வேளையாக, நாமாக இயக்காதவரை இந்த அமைப்பு அணைந்தே இருக்கும்.

பொத்தான்களில் வரும் சொற்களை ஒவ்வொரு பாடத்திலும் நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பது தமிழில் பாடம் செய்பவருக்குப் பெரிய உதவி. ‘சரிபார்’, ‘மீண்டும் முயல்க’, ‘விடையைக் காட்டு’ என்று இட்டுவிட்டால், மாணவர் பார்வைக்கு அது தமிழிலேயே உருவான பயிற்சியாகத் தெரியும். வசன வரிகளை, ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறித்த வெப்விடிடி என்னும் எழுத்துக் கோப்பாகச் சேர்க்கலாம். கைப்பேசித் திரையில் பெரிய கேள்விப் பலகைகள் சிறு பொத்தான்களாகச் சுருங்கிவிடுகின்றன. எனவே, அந்தப் பொத்தானைத் தொட வேண்டும் என்பதைக் காணொளியில் பேசும் குரலே சொல்லிவிடுவது நல்லது.

குறைகளுக்கு வருகிறேன். விடைகள் யாவும் மாணவரின் உலாவிக்கே வந்து சேர்வதால், பக்கத்தின் மூலத்தைத் திறக்கத் தெரிந்தவர் அவற்றைப் படித்துவிட முடியும். ஆகவே பயிற்சிக்கு இது ஏற்றது. மதிப்பெண் தேர்வுக்கு ஏற்றதன்று. மதிப்பெண்களைச் சேமிக்க மூடில் போன்ற கற்றல் தளமும் தேவை.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய குறை வேறு. இங்கே எழுதப்படும் குறிப்பு, காணொளிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. எச்5பி கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதி. பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு குறிப்பின் தொடக்க நொடியும் முடிவு நொடியும் ஜேசன் என்னும் எழுத்துத் தரவு வடிவில் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த அமைப்பு எச்5பிக்கே உரியது. வலைக் கூட்டமைப்பு 2017 பிப்ரவரியில் பரிந்துரைத்த வலைக் குறிப்புத் தரத்தில், குறிப்பு ஓரிடத்திலும் காணொளி வேறோரிடத்திலும் இருக்கலாம்; ஒருவர் காணொளிக்கு இன்னொருவர் எழுதிய குறிப்பை மூன்றாமவர் தேடி எடுக்கலாம். அந்தச் சுதந்திரம் இங்கே இல்லை.

கூத்துப் பதிவையோ வட்டார வழக்குப் பேச்சையோ வரிவரியாகக் குறிக்க வேண்டியவர்கள் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் ஈலான் கருவிக்குச் செல்வதே முறை. அதுவும் இலவசம். பேச்சு, பொருள், கையசைவு என்று தனித்தனி அடுக்குகளில், மில்லிநொடி நுட்பத்தோடு எழுதலாம். எக்ஸ்எம்எல் என்னும் பொதுத் தரவு வடிவில் சேமிக்கப்படுவதால் பிற மென்பொருள்களும் அதைப் படிக்கும். ஆனால் அதன் முகப்பு ஆய்வாளருக்கானது, பள்ளி மாணவர் முன் வைக்கத் தக்கதன்று. குறிப்புகளை ஈலானில் எழுதி முடித்து, அவற்றுள் மாணவருக்கு வேண்டியதை மட்டும் எச்5பியில் பதிப்பதே இரண்டையும் கையாளும் நல்ல வழி. உழைப்பு கூடுதல்தான், ஆயினும் எச்5பியைக் கைவிடும் நாள் வந்தாலும் குறிப்புகள் நம்மிடமே இருக்கும். எச்5பியை நடத்தும் நிறுவனத்தைக் கனடாவின் கல்வி மென்பொருள் நிறுவனமான டி2எல் 2024இல் வாங்கியிருக்கிறது. நிரல்மூலம் யாரும் பயன்படுத்தக்கூடிய திறமூல உரிமத்தில் இருந்தாலும், இந்த முன்னெச்சரிக்கை வேண்டும்.

வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸிலும் மூடிலிலும் இதை இலவசமாகவே நிறுவலாம். நிறுவனத்தின் சொந்த இணைய சேவைக்குச் சந்தா உண்டு. தளமே இல்லாத ஆசிரியர்கள் லூமி என்ற இலவசக் கணினிச் செயலியில் பாடத்தை உருவாக்கி, ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாகப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். இணைய இணைப்பில்லாத வகுப்பறைக்குச் செல்லும் பாடம் என்றால், யூடியூப் முகவரியை விட்டுவிட்டு எம்பி4 கோப்பையே ஏற்ற வேண்டும். காணொளி நீளமானால் ஒற்றைக் கோப்பு மிகவும் பெருத்துவிடும். அப்போது ஊடகக் கோப்புகளைத் தனியே வைக்கும் ஏற்றுமதி முறையைத் தேர்ந்து, கோப்புறையை முழுமையாகப் படியெடுக்க வேண்டும்.