மதுரையில் பழைய கார்டியே 'மஸ்ட்' தேடுகிறவர்கள் கவனத்துக்கு

மதுரையில் ஒருவர், கார்டியே என்ற பிரெஞ்சு கம்பெனியின் 'மஸ்ட்' டேங்க் வாட்ச் விற்கிறார். செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த ஒரிஜினல் என்று சொல்லித்தான் விற்கிறார். எனக்கு விற்றது பித்தளை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் என்ன பேசுவார், எதைக் காட்டுவார், எதைக் காட்ட மாட்டார் என்பதை எழுதுகிறேன். இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்தால் உஷாராகிவிடுங்கள்.

முதலில் வாட்சைப் பற்றி. டேங்க் என்பது லூயி கார்டியே 1917-ல் வரைந்த செவ்வக வடிவம். முதல் உலகப் போரில் ஓடிய ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்தால் தெரிகிற உருவம் என்பார்கள். 1977-ல் கம்பெனி கொஞ்சம் விலை குறைத்து 'மஸ்ட்' வரிசையைக் கொண்டுவந்தது. முழுத் தங்கம் இல்லை. 925 வெள்ளியில் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு), அதன் மேல் 20 மைக்ரான் கனத்துக்குத் தங்கம். வெர்மெய் என்பது இதுதான். சாதாரண முலாமோடு ஒப்பிட்டால் இது நல்ல கனம். பிற்பாடு இதை நிறுத்திவிட்டார்கள். 2021-ல் 'டேங்க் மஸ்ட்' என்று பெயரை மட்டும் முன்பின்னாக மாற்றித் திரும்பக் கொண்டுவந்தபோது கேஸ் ஸ்டீலாக இருந்தது. ஆக வெர்மெய்தான் வேண்டும் என்றால் யாரோ ஒருவர் கட்டிக் கழற்றியதைத்தான் வாங்க வேண்டும். நம் ஆள் கடை விரிப்பது அந்த இடத்தில்.

அக்கா மகள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்ச் தாய்மாமன் பொறுப்பு. பையன் பழைய டிரஸ் வாட்ச்மேல் ஆசை உள்ளவன், கனமான ஸ்போர்ட்ஸ் வாட்ச் எல்லாம் கட்ட மாட்டான். தெரிந்தவர் ஒருவர் இந்த ஆளின் நம்பரைக் கொடுத்தார்.

"அண்ணே, காரைக்குடிப் பக்கம் ஆச்சி வீட்டு உருப்படி. ஐயா பினாங்குல இருந்தப்ப வாங்கினது. பையன்க எல்லாம் அமெரிக்கா, கட்ட ஆள் இல்ல." இதுதான் அவருடைய ஆரம்பம். பெரிய வீடுகளிலிருந்து மரச்சாமானும் பீங்கானும் வெளியே வருவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் கதை சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டேன். "குடும்ப கௌரவம்ணே, பேரு சொல்லக் கூடாது" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் யார் என்ன கேட்பது?

வாட்ச் பார்க்க நன்றாகவே இருந்தது. வெள்ளை டயல், ரோமன் எண்கள், குமிழில் நீலக்கல். பின்மூடியில் 925, 'பிளாக்கே ஓர் ஜி 20 எம்' (20 மைக்ரான் தங்க முலாம் என்பதற்கான பிரெஞ்சு முத்திரை), ஒரு நீளமான எண். ஓரத்தில் தங்கம் லேசாகத் தேய்ந்திருந்தது. அதைக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்தது: "வெர்மெய் இல்லையாண்ணே, தேயத்தான் செய்யும். தேயலேன்னாத்தான் சந்தேகப்படணும்." உள்ளே திறந்து காட்டச் சொன்னேன். "சீல் போயிரும்ணே, தண்ணி இறங்கிரும். இப்பத்தான் பேட்டரி மாத்தியிருக்கு" என்றார். மொத்தம் 1,35,000 ரூபாய். அட்வான்ஸ் 35,000 மட்டும் ஜிபே, மீதி ரொக்கமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம். ரசீதில் 'பழைய கைக்கடிகாரம் 1' என்று மட்டும் எழுதினார். கார்டியே என்ற சொல்லே அதில் கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறகு வாட்ச் நின்றுபோனது. சிம்மக்கல் பக்கம் ரொம்ப வருஷமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரிடம் கொடுத்தேன். அசல் மஸ்ட் டேங்கில் பின்மூடியைப் பிடித்திருப்பது கேஸின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு குட்டி ஸ்க்ரூக்கள். இதில் அந்த நான்கும் சும்மா ஒப்புக்கு வைத்தவை. பாய் கத்தி முனையை ஓரத்தில் வைத்தார், மூடி டப்பென்று கழன்றது. உள்ளே பிளாஸ்டிக் வளையம், அதற்குள் மலிவான ஜப்பான் குவார்ட்ஸ் மெஷின். கார்டியே பெயர் எங்கும் இல்லை. "தம்பி, இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னதும் லூப்பை, அந்தக் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை, எடுத்துவிட்டார்.

அவர்தான் டயலையும் காட்டினார். கார்டியேயின் பல ரோமன் எண் டயல்களில் ஒரு எண்ணின் கோட்டுக்குள், பெரும்பாலும் ஏழிலோ பத்திலோ, 'கார்டியே' என்று மிகப் பொடியாக எழுதியிருக்கும். வெறும் கண்ணுக்குக் கோடு போலத்தான் தெரியும். என்னுடையதிலும் ஏழில் ஏதோ இருந்தது. லூப்பில் பார்த்தால் எழுத்தே இல்லை, இடைவெளி விட்ட கோடுகள்.

அங்கிருந்து நேராகத் தெற்காவணி மூல வீதி. நகை டச் பார்க்கிற கடையில் தேய்ந்த ஓரத்தை, என்ன உலோகம் என்று காட்டும் மெஷினுக்குக் கீழே வைத்தார்கள். செம்பு, துத்தநாகம். வெள்ளி பெயருக்குக்கூட இல்லை. முலாம் போன இடத்தில் பித்தளை பல்லிளிக்கிறது. அசல் வெர்மெய் தேய்ந்தால் அடியில் வெள்ளை தெரியும், நாள்பட்டால் வெள்ளிக்கே உரிய கறுப்பு ஏறும். நம் ஊர் வியர்வைக்கு மஞ்சளும் பச்சையுமாக வருகிறதென்றால் அது வெள்ளி இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் மதுரையில் இல்லையே என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஒரு சோதனைக்கு கம்பெனியே வேண்டாம். நகைக்கடைத் தெருவில் கொஞ்ச நேர வேலை.

அப்புறம் விற்றவரைப் பிடித்தேன். தயங்கவே இல்லை. "நீங்க திறந்தப்ப மெஷினை மாத்திட்டீங்கண்ணே. நான் கொடுக்கும்போது உள்ள ஒரிஜினல் இருந்துச்சு." விற்கும்போது ஏன் திறக்க விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சரி, மெஷினை மாற்றினேன் என்றே வைத்துக்கொள்வோம், கேஸ்? "925-ன்னா மீதி செம்புதானண்ணே, அதான் காட்டியிருக்கும்." பாதி உண்மை. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பெரும்பாலும் செம்புதான். ஆனால் அந்த 925 பங்கு எங்கே போயிற்று? அதற்குப் பதில் இல்லை. கடைசியில் "நானும் ஏமாந்துட்டேன்ணே" என்று ஒரு குரல்.

யாரிடம் வாங்கினாலும் பணம் கைமாறுவதற்கு முன் விற்பவர் எதிரிலேயே வாட்சைத் திறந்து, பின்மூடி எண்ணும் உள்ளே உள்ள மெஷினும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி எடுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் பிராண்ட், மாடல், எண், 'ஒரிஜினல்' என்ற சொல் நான்கும் இருக்கட்டும். ஒமேகா, ஃபேவர் லூபா, எச்எம்டி தேடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி: மெஷின் அசலாக இருக்கும், டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்வது அதைத்தான். ஸ்விஸ் மேட் என்பதற்கு இரு பக்கமும் 'டி' போட்டிருந்தால் டயலிலோ முள்ளிலோ இருட்டில் ஒளிர்வதற்கான டிரிட்டியம் பூச்சு இருந்தாக வேண்டும். டயலிலும் முள்ளிலும் பூச்சுக்கான இடமே இல்லாமல் 'டி' இருந்தால், வேறொரு டயலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சத்துக்கு என்னிடம் இருக்கும் ஆதாரம், "ஒண்ணு முப்பத்தஞ்சுக்குக் குறையாதுண்ணே" என்று அவரே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நோட்டீஸ் கிடைத்ததும் 40,000 தருகிறேன், வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். போலியைத் திரும்ப வாங்க ஏன் இவ்வளவு அவசரம் என்று யோசித்துக் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து, வாட்ச் தேடும் நண்பர் ஒருவர் அதே ஆள் அனுப்பிய புதுப் படங்களைக் காட்டினார். இந்தத் தடவை கறுப்பு டயல், தேவகோட்டை ஆச்சி வீடு. பின்மூடியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். என் வாட்சில் உள்ள அதே எண், ஒரு இலக்கம் மாறாமல். உங்களுக்கு வரும் படத்தில் எண் 417 என்று முடிந்தால் வாங்காதீர்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.