வெறுங்கையில் ஒரு மோட்டார் கொட்டகை: கும்பகோணம் இம்ப்ரோவ் பயிலரங்கு

கும்பகோணத்தில் ஒரு சிறு நாடகக் குழு சென்ற மாதம் நடத்திய இரண்டு நாள் இம்ப்ரோவ் பயிலரங்கில் கலந்துகொண்டேன். மதிய உணவோடு கட்டணம் 1,500 ரூபாய். வந்திருந்த 16 பேரில் பாதிப் பேர் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். எழுதிய வசனம் இல்லாமல் மேடையிலேயே காட்சியை உருவாக்கும் இந்தக் கலையை வெறும் சிரிப்பு மூட்டும் வித்தை என்று எண்ணியிருந்தவர்களுக்கு முதல் நாள் காலையே வியப்பாக இருந்திருக்கும். ஏனென்றால் மதியம் வரை யாரும் யாரையும் சிரிக்க வைக்க முயலக் கூடாது என்பதுதான் பயிற்றுநர் வைத்த ஒரே விதி.

முதல் பயிற்சி இடத்தைப் பற்றியது. 1930களின் இறுதியில் சிகாகோவில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளோடு பணியாற்றிய வயோலா ஸ்போலின் விளையாட்டுகளாக வளர்த்தெடுத்த முறையில், எங்கே, யார், என்ன செய்கிறார் என்ற மூன்றையும் வாயால் விளக்காமல் உடம்பால் காட்ட வேண்டும். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் வெற்றுத் தரையில் ஒரு மோட்டார் கொட்டகையை எழுப்பினார். குனிந்து உள்ளே நுழைந்தவர், மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். ஈரக் கையைக் கைலியில் இரண்டு முறை அழுத்தித் துடைத்தார். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, நகராமல், காதைச் சாய்த்து நின்றார். குழாயில் தண்ணீர் ஏறி வரும் ஓசைக்காக அவர் காத்திருக்கிறார் என்பது எங்கள் அனைவருக்கும் புரிந்தது. அந்த இரண்டாவது துடைப்பில், முன்பு எப்போதோ மின்சாரம் தாக்கிய மனிதர் இவர் என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

அடுத்து இருவர் காட்சி. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து பல நாளாகியும் தண்ணீர் வந்து சேராத கடைமடை வயலில் அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள். முதல் முறை இருவரும் பாகப்பிரிவினையைப் பற்றி உரக்கச் சண்டையிட்டார்கள். கேட்கச் சலிப்பாக இருந்தது. பயிற்றுநர் நிறுத்தி, ஒருவரை வரப்பு வெட்டவும் மற்றவரை மடை அடைக்கவும் சொன்னார். இரண்டாம் முறை வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு தம்பி, "நாத்து தாங்குமாண்ணே?" என்றார். அண்ணன் நிமிராமலே, "இன்னும் நாலு நாள் தாங்கும்டா" என்றார். பாகப்பிரிவினையைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை, ஆனால் அது அந்த வரப்பிலேயே கிடந்தது. கைக்கு வேலை இருந்தால் அடுத்த வசனத்தைத் தேடும் பதற்றம் அடங்கி, எதிரில் இருப்பவர் சொல்வது உண்மையிலேயே காதில் விழுகிறது என்பதை அன்று நேரில் கண்டேன்.

லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் வளர்த்த உயர்வு தாழ்வுப் பயிற்சி மாலையில் நடந்தது. எதிரில் இருப்பவரைவிடத் தான் மேலா கீழா என்பதை அசைவிலும் பேச்சிலும் காட்ட வேண்டும். தோளில் கிடந்த துண்டை ஒருவர் இடுப்புக்கு இறக்கிய அந்த நொடியில் அரங்கம் மௌனமாகிவிட்டது. தஞ்சை மண்ணில் அந்த அசைவுக்குப் பின்னால் பண்ணையும் சாதியும் இருக்கின்றன. அதைச் செய்தவருக்கும் பார்த்தவர்களுக்கும் பேச அரை மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும். உடனே அடுத்த பயிற்சிக்குத் தாவியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் நாள் அந்த அளவுக்கு இல்லை. சொன்னதை மறுக்காமல் ஏற்று மேலே ஒன்றைச் சேர்க்கும் 'ஆமாம், அதோடு' பயிற்சி நன்று; மற்ற நேரமெல்லாம் வேகப் போட்டிகளில் கரைந்தது. முன் ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்தித்து, வள்ளியும் முருகனுமாக விடிய விடியத் தர்க்கம் செய்யும் நம் ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். தகரக் கூரையின் வெக்கையும் மின்விசிறிகளின் இரைச்சலும் சேர்ந்ததால் மெல்லப் பேசிய காட்சிகள் பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை.

இத்தனை குறைகள் இருந்தும், பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் இதற்குக் கட்டாயம் போக வேண்டும் என்பேன். ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் முதல் நாளுக்குப் போங்கள். ஒரு நாளுக்கு மட்டும் 800 ரூபாய் வாங்குகிறார்கள்.