மாமல்லபுரம் கடலோர மழைக்காலப் பேக்கேஜ் என்று சொல்லி 12,600 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: வேலூர், காட்பாடி பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். இன்று செவ்வாய்க்கிழமை. சின்னவனுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை, எனக்கு ஆத்திரமும் தீரவில்லை. 12,600 ரூபாய். மாதம் ஆயிரம் ஆயிரமாகச் சீட்டுக் கட்டி எடுத்த பணம். அதே ஆட்களிடம் அடுத்த குடும்பம் மாட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு வழிக்கு வரும் வரை வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். செல்போனில் அழகழகாக வீடியோ போட்டு, வாட்ஸ்அப்பிலேயே பேசி, வாட்ஸ்அப்பிலேயே பணம் வாங்கும் டூர் ஆட்கள். போய் நின்று கேட்க ஓர் ஆபீஸ் கிடையாது.

மகளுக்கு ஆறு வயது, பையனுக்கு மூன்று. இருவரும் கடல் பார்த்ததில்லை. கோட்டை, அகழி, ஸ்ரீபுரம், அமிர்தி எல்லாம் பல தடவை போய் வந்தாகிவிட்டது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் மகள், "இந்த ஆறு எங்கப்பா போவுது?" என்று கேட்பாள். கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலில் சேருகிறது என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மாமல்லபுரம் போனால் அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான், ஆறு முடியும் இடத்தைக் காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை அவருக்கு. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது இப்போதுதான். ஐப்பசி மாதம், மழை இருக்கும் என்று தெரியும். அதனால்தான் நான் முதலில் கேட்டதே மழையைப் பற்றித்தான்.

இதை நன்றாகக் கவனியுங்கள். நான் கேட்காமல் ஏமாறவில்லை. மூன்று தடவை கேட்டேன். "மழை பெஞ்சா பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு ரூம்ல என்ன பண்றது?" என்று கேட்டேன். ஒரு பெண் பேசினாள், இருபத்தைந்து வயது இருக்கும். "கவலையே படாதீங்கக்கா. மழைக்காலப் பேக்கேஜே குழந்தைங்களுக்காகத்தான். உள்ளேயே விளையாட்டு ஹால் இருக்கு, ஊஞ்சல் இருக்கு, சறுக்குமரம் இருக்கு. போட்டிங் நின்னா அந்தக் காசு திருப்பித் தந்துடுவோம்." கடலைப் பார்த்த ரூம், இரண்டு ராத்திரி, காலை டிபன், படகு, கோயில் நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து 12,600 என்றாள்.

அப்போதும் நான் சரி என்று சொல்லவில்லை. "எந்த ஊர்க்கா நீங்க?" என்று கேட்டாள். வேலூர் என்றேன். "ஐயோ, எனக்கு ஆரணிக்கா! நம்ம பக்கம்தான்" என்றாள். பேச்சும் நம் பக்கத்துப் பேச்சாகத்தான் இருந்தது. அப்புறம் அவளாகவே, "சின்னப் பையனுக்கு ராத்திரி பால் வேணுமில்ல? காய்ச்சி ரூமுக்கே கொண்டாந்து தரச் சொல்றேன்" என்றாள். நான் பால் விஷயத்தைச் சொல்லவே இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறவள் ஏமாற்றுவாளா என்று நினைத்தேன். அந்த ஒரு கிளாஸ் பாலுக்குத்தான் நான் பணம் அனுப்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் 4,600. அன்று சாயங்காலமே, முழுப்பணமும் கட்டினால்தான் கடல் பக்கத்து ரூம், இல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று போன். மீதி 8,000 அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது ஓர் ஆணின் பெயர், டூர் பெயர் இல்லை. அதையும் கேட்டேன். "கணக்கு பாக்குற அண்ணன்க்கா, அவர் நம்பர்தான்" என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை கொழுந்தனார் காரில் அத்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. வாலாஜாவிலேயே மழை பிடித்துக்கொண்டது. காவேரிப்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது பையன், "இதான் கடலா?" என்று எழுந்து நின்றான். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாகத்தான் போனோம்.

போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கடல் தெரியவில்லை. இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு பழைய லாட்ஜ். வீடியோவில் காட்டிய கட்டடமே வேறு. ரூமில் ஒரு மூலையில் மேலேயிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அடியில் ஒரு பக்கெட். மெத்தை ஈரமாக இருந்தது. விளையாட்டு ஹால் எங்கே என்று கேட்டேன். பின்னால் தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மழைத்தண்ணீர் தேங்கி நின்ற ஒரு சறுக்குமரம். அவ்வளவுதான். காற்றும் மழையுமாக இருந்ததால் படகும் இல்லை.

லாட்ஜ்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதானவர். "எனக்கு வந்தது ஒரு நாள் வாடகை 1,400 ரூபாதாம்மா. டிபன், போட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது" என்று போனைத் திறந்தே காட்டினார். ராத்திரி அவர் வீட்டிலிருந்துதான் பால் காய்ச்சிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அப்படியென்றால் நான் கொடுத்த 12,600-இல் 1,400 போக மீதி எங்கே?

மழை கொஞ்சம் விட்டபோது கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில், 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது என்று சொன்னார்கள். எனக்கு வந்த பில்லில் "குழந்தைகள் நுழைவு 600" என்று இருக்கிறது. பெரியவர்களுக்கும் யாரும் டிக்கெட் எடுத்து வைத்திருக்கவில்லை, நாங்களே எடுத்தோம். அர்ச்சுனன் தபசு ரோட்டோரமே இருக்கிறது, அதைப் பார்க்கக் காசே வேண்டாம். மழையில் நனைந்து யானைகள் பளபளவென்று இருந்தன. பெரிய யானைக்குக் கீழே இருக்கும் குட்டிகளைப் பையன் எண்ணிக்கொண்டே நின்றான். அந்தப் பத்து நிமிஷம்தான் அவனுக்குக் கிடைத்த விளையாட்டு.

சனிக்கிழமை மதியத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். முதல் தடவை எடுத்து, "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்க்கா, ஒரு மணி நேரம்" என்றாள். மூன்று மணி நேரம் கழித்து, "மேனேஜர் டிராவல்ல இருக்கார்." ராத்திரி வேறொரு ஆள் எடுத்தான். "மழை இயற்கைங்க, அதுக்கு நாங்க பொறுப்பு ஆக முடியாது" என்றான். நான் மழையைப் பற்றிப் புகார் சொல்லவில்லை, ரூமைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். "மேடம், கத்தாதீங்க" என்று வைத்துவிட்டான். நான் கத்தவில்லை. அத்தை பக்கத்தில்தான் இருந்தார்கள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு நாளுக்குத்தான் பணம் வந்திருக்கிறது, அவர் என்ன செய்வார்? அன்று மதியம், "48 மணி நேரத்தில் ரீஃபண்ட்" என்று ஒரு மெசேஜ் வந்தது. எவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை. சாயங்காலத்துக்கு மேல் மெசேஜ் போகவேயில்லை, என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர் போனிலிருந்து அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் கட் செய்தாள், ஆரணிக்காரி.

வயலூர் போகவில்லை. நனைந்ததில் பையனுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. கார் திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பியதும் மகள், "ஆறு பாக்கலியாப்பா?" என்றாள். அவர் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 12,600 போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று பேங்கில் கேட்டோம். நீங்களே பார்த்து அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம், எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி பணம் போனால் தாமதிக்காமல் உடனே அழைக்க வேண்டுமாம், அப்போதுதான் அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைக்க வழி உண்டு. நான் சனிக்கிழமையே அழைத்திருக்க வேண்டும், ரீஃபண்ட் வரும் வரும் என்று இரண்டு நாளை விட்டுவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறோம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பையன் எழுந்துவிட்டான், அழுகிறான். அவசரமாகச் சொல்கிறேன். லாட்ஜின் பெயரை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், அங்கே நீங்களே போன் செய்து ரூம் உங்கள் பெயரில் இருக்கிறதா, எத்தனை நாள் என்று கேளுங்கள். கிளம்பும் முன் முழுப்பணம் கட்டாதீர்கள். பணம் போகும் பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நம்ம ஊர் என்று சொன்னால் நம்பாதீர்கள். மெசேஜ், பில் எதையும் அழிக்காதீர்கள்.

12,600 ரூபாய். 48 மணி நேரம் இன்று மதியத்தோடு முடிந்துவிட்டது. ஒரு ரூபாய் வரவில்லை.